தையல் பிரித்த பிறகும் வைத்தியம் உண்டு



செவிலியம், பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, சுவாச சிகிச்சை, டயாலிசிஸ், லேப் டெக்னாலஜி என்று பல படிப்புகளை முடித்து இங்கே பட்டம் வாங்க வந்திருக்கிறீர்கள். "டாக்டருக்குக் கிடைக்கலையா?" என்று கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் கேட்டுக் கேட்டு உங்களை நோகடித்திருப்பார்கள். அந்தக் கேள்விக்கு இந்த ராயபுரமே பதில் வைத்திருக்கிறது.

1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி வளர்ந்ததுதான் ஸ்டான்லி மருத்துவமனை. இன்றும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1938இல் அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது. 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே அங்கே ஒரு பிரிவைத் தொடங்கினார். துறைமுகம், லேத் பட்டறை, பிரஸ் மெஷின், காசிமேட்டு விசைப்படகு என்று கையை நம்பியே பிழைக்கும் ஊர் இது. அடிபடுவதும் கைதான்.

விரலை மடக்கும் தசைநாண் அறுந்து ஒரு தொழிலாளி வருகிறார் என்று வையுங்கள். சர்ஜன் சில மணி நேரத்தில் தைத்துவிடுவார். தைத்த நாணை அசைக்காமலே வைத்திருந்தால் பக்கத்துத் திசுவோடு ஒட்டிக்கொள்ளும், விரல் விறைத்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் மறுபடி அறுந்துபோகும். தெரபிஸ்ட் வெந்நீரில் பிளாஸ்டிக் தகட்டை இளக்கி, அந்த ஆளின் மணிக்கட்டுக்கும் விரலுக்கும் பொருந்த ஸ்பிளிண்ட் செய்கிறார். எந்த விரலை, எவ்வளவு, எந்த வாரத்தில் அசைக்கலாம் என்று கூடவே இருந்து சொல்லித்தருகிறார். பளு தூக்கும் வேலைக்குத் திரும்ப ஏறக்குறைய மூன்று மாதம். தினக்கூலிக்காரரை அந்த மூன்று மாதமும் தவறாமல் வரவழைப்பதே தனித் திறமை. அந்தக் கை மறுபடி ஸ்பேனர் பிடித்தால், அதில் பாதிப் பெருமை தெரபிஸ்டுக்கு. பாதிக்கு மேல் என்றே நான் சொல்வேன்.

இந்தப் பக்கத்தில் ஆபத்து கைக்கு மட்டுமல்ல, மூச்சுக்கும்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. ஊரே மூச்சுத் திணறி ரோட்டுக்கு ஓடி வந்தது. அப்படிப்பட்ட இரவில் ஆக்சிஜன் அளவைப் பார்த்து உடனே முடிவெடுக்கத் தெரிந்த ஒரு நர்ஸ், ஒரு சுவாச சிகிச்சையாளர் எவ்வளவு பெரிய துணை என்று நினைத்துப் பாருங்கள்.

எம்.பி.பி.எஸ். கனவை நான் குறைத்துப் பேசவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் பல ஆண்டுகள் 5 ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன் 2018இல் மறைந்தபோது வடசென்னையே அழுதது. ஆனால் எம்.பி.பி.எஸ். என்ற அந்த ஒரே வாசலில் நின்று, நீட் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று பிள்ளைகள் உடைந்துபோவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் துக்கத்தில் உயிரையே விட்ட பிள்ளைகள் உண்டு. பக்கத்து வாசல்கள் திறந்தே இருக்கின்றன என்று அவர்களிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

இனி அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். ரிசல்ட் வந்ததும் உங்கள் தெருப் பிள்ளைகள் உங்களைத்தான் தேடி வருவார்கள். படிப்பின் பெயரைப் பார்த்துச் சேராதே, அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்த்துச் சேர் என்று சொல்லுங்கள். ராத்திரி டியூட்டி ஒத்துவருமா? நோயாளியைத் தொட்டுத் தூக்க மனசு வருமா? மைக்ராஸ்கோப் முன்னால் தனியாக உட்காரப் பிடிக்குமா?

பெற்றோரிடம் வேறு விதமாகப் பேசுங்கள். மாடியில் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்து "பாரா மெடிக்கல்" என்று போர்டு மாட்டியவரிடம் பணம் கட்டுவதற்கு முன், பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், பயிற்சி எந்த மருத்துவமனையில், படித்து முடித்தால் எந்தக் கவுன்சிலில் பதிவு செய்யலாம் என்று கேட்கச் சொல்லுங்கள். துணை மருத்துவப் படிப்புகளை ஒழுங்குபடுத்த 2021இல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. அந்த விவரத்தை அம்மாக்களுக்குப் புரிகிற பாஷையில் விளக்குங்கள்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்கோ மாநகராட்சிப் பள்ளிக்கோ இந்த ஆண்டே போய், பிளஸ் டூ வகுப்பில் ஒரு பீரியட் கேட்டு வாங்கி, உங்கள் வேலை என்ன என்று நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள்.