பஸ் கட்டணமும் கடைப் பற்றும் ஒரே கணக்கே

(சங்கத்தின் தாராவிப் பகுதி மாதக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. முடிவு காணாமலே கலைந்தோம். அதைத் தொடர்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரும்படி செயற்குழு எங்களைப் பணித்திருக்கிறது.

மாட்டுங்காவில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்கா எழுந்து, "பஸ் கட்டணம் இரட்டிப்பாகிவிட்டது. சங்கம் முதலில் அதற்குப் போராட வேண்டும்" என்றார். மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் உடனே மறுத்தார். "பஸ்ஸை மலிவாக்கினால் எல்லோரும் தாதருக்குப் போய்ச் சாமான் வாங்குவார்கள். இப்போதே செல்போனில் பொத்தானை அழுத்தினால் பத்து நிமிடத்தில் பால் வருகிறது. முதலில் எங்கள் கடைகளுக்கு இடம் நிச்சயமாகட்டும்" என்றார். பாந்த்ரா குர்லா வளாகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, "அண்ணாச்சி கடையில் விலை அதிகம், அதனால்தான் தாதருக்குப் போகிறோம்" என்று சொல்லப் போக, கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இவை இரண்டும் வேறு வேறு வழக்குகள் அல்ல. பயணத்துக்குப் போகும் ரூபாயும் கடைக்கு வரும் ரூபாயும் ஒரே சம்பளக் கவரிலிருந்துதான் வருகின்றன. பஸ் கட்டணம் ஏறினால் அண்ணாச்சி கடையில் பற்று ஏறும். அண்ணாச்சி கடை மூடப்பட்டால் அக்காவின் பயணச் செலவு ஏறும். இதை விளக்கத்தான் இன்று நிற்கிறோம்.

கட்டணத்தின் கணக்கு

2019 ஜூலையில் பெஸ்ட் நிர்வாகம் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயாகக் குறைத்தது. விட்டுப்போன பயணிகள் பஸ்ஸுக்குத் திரும்பி வந்தார்கள். 2025 மே மாதம் அந்த 5 ரூபாய் 10 ரூபாயாயிற்று. ஏ.சி. பஸ்ஸில் 6 ரூபாய் 12 ரூபாயாயிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 23-லிருந்து 26 ரூபாயாகவும், டாக்சிக்கு 28-லிருந்து 31 ரூபாயாகவும் ஏறியிருந்தது.

"ஐந்து ரூபாய்தானே, ஒரு டீக்காசு கூட இல்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு பஸ் போக, ஒரு பஸ் வர, மாதம் 26 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 260 ரூபாய், ஏறிய பிறகு 520. நடுவில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கு 520 ரூபாய் 1,040 ஆயிற்று. வீட்டில் இருவர் இப்படிப் போனால் 2,080. கூடுதலாகப் போன 1,040 ரூபாய் எங்கிருந்து வந்தது? முதலாளி சம்பளத்தைக் கூட்டினாரா? இல்லை. எண்ணெய் ஒரு லிட்டர் குறைந்தது, பிள்ளைக்கு முட்டை குறைந்தது, மீன் வாரம் ஒரு நாளாயிற்று. அண்ணாச்சி, அந்தப் பணம் உங்கள் கல்லாவுக்கு வந்திருக்க வேண்டிய பணம்.

கட்டணம் ஏறியபோது பஸ்ஸாவது கூடியதா? ஒரு காலத்தில் 4,000-க்கும் மேல் ஓடிய பெஸ்ட் பஸ்கள் 2025-இல் 3,000-க்கும் கீழே வந்துவிட்டன. அவற்றிலும் பெரும்பாலானவை ஒப்பந்தக்காரர்களின் வண்டிகள். காசையும் கூடக் கொடுத்து, நிறுத்தத்தில் கால்கடுக்கவும் நிற்கிறோம்.

இந்த நகரத்தில் மின்சார ரயில் மலிவுதான், மறுக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஆனால் ரயிலடிக்குப் போய்ச் சேரவும், இறங்கிய இடத்திலிருந்து வேலை இடத்துக்குப் போகவும் ஆகும் செலவு ரயில் செலவை விழுங்கிவிடுகிறது. நிலத்தடி மெட்ரோ தாராவி நிலையத்துக்கு 2025 மே மாதம் வந்தது. நல்ல வண்டி, குளிர்ச்சியான வண்டி. ஆனால் தொடங்கும்போதே அதன் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். பாத்திரம் தேய்த்து மூன்று வீட்டில் சம்பாதிக்கும் தாய்க்கு அது தினசரி வண்டியாகுமா?

நடந்து போகும் தூரமே நம் மூலதனம்

தோழர்களே, நம் முன்னோர் இந்தச் சதுப்பு நிலத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பாந்த்ராவில் அப்போது கசாப்புக்கூடம் இருந்தது. தோல் பக்கத்திலேயே கிடைத்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தமிழகத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் இங்கே தோல் பதனிட்டார்கள். வேலையும் வீடும் ஒரே இடத்தில் இருந்தன. பஸ்ஸுக்குக் கொடுக்கக் காசில்லாத மனிதனுக்கு அதுதான் மூலதனம். கசாப்புக்கூடம் 1971-இல் தேவநாருக்குப் போனது. பதனிடும் தொழிலும் பின்னர் வெளியேறியது. ஆனாலும் தோல் பை தைப்பவர்கள், கும்பார்வாடாவின் குயவர்கள், அப்பளம் இடும் பெண்கள், முறுக்குப் பிழியும் வீடுகள் என்று வேலையும் வீடும் சேர்ந்தே இருக்கும் வாழ்க்கை நிலைத்தது.

நம் இட்லி வியாபாரிகளைப் பாருங்கள். இரவில் வீட்டிலேயே மாவு அரைத்து, விடியுமுன் இட்லி அவித்து, பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள். அவர்களுடைய சமையற்கூடம், கிட்டங்கி, கடை எல்லாம் அந்த ஒரே அறைதான். சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் வாடிக்கைக்காரர்கள் இருப்பதால்தான் அந்தத் தொழில் நிற்கிறது.

ஒரு பேட்டையின் வேலை போனால் அதன் கடைத்தெரு என்ன ஆகும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி. பரேல், லால்பாக் பகுதிகளில் மில் தொழிலாளர்கள் சங்கு ஊதியதும் நடந்தே மில்லுக்குப் போனார்கள். 1982 ஜனவரி 18-ஆம் நாள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதன் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மில் மட்டுமா மூடியது? மில்காரனுக்குச் சோறு போட்ட சாப்பாட்டுக் கடைகளும், கடன் கொடுத்த மளிகைக்கடைகளும் சேர்ந்தே நசிந்தன. அந்த நிலத்தில் இன்று மால்களும் வானளாவிய கட்டடங்களும் நிற்கின்றன. மில் தொழிலாளியின் பேரன் அங்கே காவற்காரனாக நிற்க, தொலைவிலிருந்து ரயிலேறி வருகிறான்.

முலுண்டுக்குப் போனால்?

இப்போது நம் தலைக்கு மேல் தொங்குவது தாராவி மறுசீரமைப்புத் திட்டம். 2022 நவம்பரில் ஏலம் முடிந்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2025 மே மாத இறுதியில் பெருந்திட்டத்துக்கு முதலமைச்சர் ஒப்புதல் கொடுத்தார். விதி என்ன? 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011-க்குள் வந்த தரைத்தளத்தாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியேதான், வாடகைத் தவணை முறையில். வெளியே என்றால் முலுண்ட், தேவநார் குப்பைமேட்டு நிலம், உப்பள நிலங்கள் என்று இடங்கள் அடிபடுகின்றன.

நல்ல வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும் தாய்மார்கள் இருக்கும் சபையில் அப்படிச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் வீட்டின் விலையைச் சதுர அடியில் மட்டும் கணக்கிடாதீர்கள். வேலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சயானில் ஏறினால் குர்லா, வித்யாவிஹார், காட்கோபர், விக்ரோலி, காஞ்சூர்மார்க், பாண்டுப், நாஹூர் தாண்டி எட்டாவது நிலையம் முலுண்ட். மாட்டுங்காவில் மூன்று வீட்டில் வேலை செய்யும் அக்கா இப்போது இரண்டு வீட்டு வேலைக்கு நடுவே வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுப் போகிறார். முலுண்டிலிருந்து அது முடியுமா? விடிகாலை வீட்டை இழப்பார், பயணச் செலவும் சேரும். வருமானம் குறைந்து, செலவு கூடும். இலவச வீடு என்று வாங்கியதற்கு மாதாமாதம் வேறு பெயரில் வாடகை கட்டுவார்.

நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள். சென்னையில் 2000-க்குப் பிறகு கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் பட்ட பாடு என்ன? கூரை கிடைத்தது. ஆனால் மீன் விற்றவர்களும் வீட்டு வேலை செய்தவர்களும் பழைய இடத்துக்கே பல மைல் பஸ்ஸேறிப் போனார்கள். போக முடியாதவர்கள் வேலையை இழந்தார்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் முலுண்டுக்கும் தேவநாருக்கும் போய்விட்ட பிறகு உங்களுக்குத் தாராவிக்குள் புதிய கடை கிடைத்தால் யாருக்கு விற்பீர்கள்? கடைக்கு இடம் என்ற உங்கள் கோரிக்கையும், வெளியே அனுப்பாதே என்ற குடியிருப்போர் கோரிக்கையும் ஒன்றில்லாமல் மற்றது நிற்காது.

வேலைக்குப் போகும் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. தாதரில் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் சம்பளம் பத்தாம் தேதி வரை வராதபோது தாதர் கடைக்காரர் அரிசி கொடுப்பாரா? காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தால் செல்போன் கம்பெனி பற்று எழுதுமா? அண்ணாச்சியின் நீள நோட்டுத்தான் நம் வங்கி. அதற்காக அண்ணாச்சிமார் விலையை ஏற்றலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எடை சரியாக இருக்க வேண்டும். ரொக்கத்துக்கும் பற்றுக்கும் ஒரே விலை வேண்டும். இதை வியாபாரிகள் இந்தச் சபையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம்.

குரல் கொடுத்தால் குறையும்

பேசி என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. 2014 ஜூனில் ரயில்வே சீசன் டிக்கெட்டுக்கு ஒரு புதிய கணக்குச் சொன்னது. அதுவரை 15 ஒற்றைப் பயணக் கட்டணத்தில் கிடைத்த மாதச் சீட்டை 30 பயணக் கணக்கில் ஏற்றியது. மும்பை கொதித்தது. சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல் வேறு. ஒரு வாரம் முடியுமுன் அந்த 30 பயணக் கணக்கு கைவிடப்பட்டது. மராத்தியர், குஜராத்தி, உத்தரப் பிரதேசக்காரர், தமிழர் என்று பார்க்காமல் ரயிலில் நின்று போகிற எல்லோரும் குரல் கொடுத்ததால் வந்த பலன் அது. நம் கோரிக்கையும் தமிழருக்கு மட்டுமான கோரிக்கையாக இருக்கக் கூடாது. கும்பார்வாடாக்காரரும், பக்கத்துச் சாலின் மராத்தித் தோழரும், பீகார்த் தையற்காரரும் நம்மோடு நிற்க வேண்டும்.

செயற்குழு உங்கள் முன் வைக்கும் தீர்மானங்கள் நான்கு.

ஒன்று: பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் மீண்டும் 5 ரூபாயாக வேண்டும், பஸ்களின் எண்ணிக்கை கூட வேண்டும்.

இரண்டு: தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகம் 2023 மார்ச்சில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம் அறிவித்தது. அந்த அறிவிப்பு பெஸ்ட் பஸ்ஸுக்குப் பொருந்தவில்லை. மும்பையில் உழைக்கும் பெண்ணுக்கும் குறைவில்லாத சலுகை வேண்டும்.

மூன்று: மாடி, தரை என்று பிரிக்காமல் தாராவியில் உழைத்து வாழ்வோர்க்குத் தாராவியிலேயே இடம் வேண்டும்.

நான்கு: வீட்டுக்குள் நடக்கும் இட்லி, முறுக்கு, அப்பளம், தையல் தொழில்களையும் தொழில் என்றே பதிவு செய்து, புதிய கட்டடங்களில் அவற்றுக்குத் தரைத்தளத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

தீர்மானம் போட்டால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். இன்றிலிருந்து ஒரு மாதம், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டில் தினமும் யார் எங்கே போனார், என்ன கட்டணம் கொடுத்தார், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கடைக்காரர்கள் மாதப் பற்று எவ்வளவு, வசூல் எவ்வளவு என்று பெயர் இல்லாமல் தொகையை மட்டும் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டுவோம். அந்தக் காகிதத்தோடு மாநகராட்சி உறுப்பினர் வீட்டுக்கும், பெஸ்ட் அலுவலகத்துக்கும், மறுசீரமைப்பு அலுவலகத்துக்கும் ஊர்வலமாகப் போவோம். கணக்குக் கேட்பவர்களுக்கு நம் கணக்கைக் காட்டுவோம்.

நோட்டு இல்லாதவர்கள் போகும்போது மேசையில் வாங்கிக்கொள்ளுங்கள்.