பழைய இரும்பு யாரிடம் இருக்கிறது?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



தேய்ந்த மண்வெட்டியைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்காத பிள்ளைகள் நம்மில் யார்? அந்த மண்வெட்டி காயலான் கடையிலிருந்து உலைக்குப் போய், உருகி, மறுபடியும் கம்பியாக வருகிறது. 1 டன் பழைய இரும்பை உருக்கினால் சுமார் 1.4 டன் இரும்புத் தாதும், 740 கிலோ நிலக்கரியும் மிச்சம்.

அப்படியானால் எல்லாத் தேசங்களும் பழைய இரும்பை உருக்கியே காலந்தள்ளலாமே, சுரங்கம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விதைக்காத வயலில் அறுப்பு ஏது? முதலில் இரும்பு ஜனங்களிடம் சேர வேண்டும். பிறகு அது பழசாக வேண்டும்.

அமெரிக்காவைப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு மேலாகப் பாலம், தண்டவாளம், மோட்டார், கட்டிடம் என்று இரும்பைச் சேர்த்த தேசம். அங்கே ஆளுக்கு 10 டன்னுக்கு மேல் உருக்கு புழக்கத்தில் இருக்கிறது. பழசு ஓயாமல் திரும்பி வருகிறது. ஆகவே அங்கே உருக்கில் நூற்றுக்கு 70 பங்கு மின் உலைகளிலேயே, பெரும்பாலும் பழைய இரும்பைக் கொண்டே தயாராகிறது. மிஞ்சுவதைத் துருக்கி முதலிய தேசங்களுக்கு விற்கிறார்கள்.

சீனாவின் கதை வேறு. 1996ல்தான் அதன் உற்பத்தி 10 கோடி டன்னைத் தாண்டியது. 2023ல் 102 கோடி டன். உலக உற்பத்தியில் பாதிக்கு மேல்! ஆனாலும் மின் உலையின் பங்கு நூற்றுக்கு 10 அளவுதான். ஏன்? மோட்டார் வண்டி 15, 20 வருஷத்தில் உடைபடும். கட்டிடம் 50 வருஷத்துக்கு மேல் நிற்கும். சீனாவின் இரும்பு இன்னும் இளம் இரும்பு.

நமது தேசம்? 2023ல் 14 கோடி டன் உற்பத்தி செய்து உலகில் இரண்டாவது இடத்தில் நிற்கிறோம். ஆனால் ஆளுக்கு வருஷத்தில் 100 கிலோ அளவே உபயோகிக்கிறோம்; உலக சராசரி 200 கிலோவுக்கு மேல். நம் உருக்கில் பாதிக்கு மேல் மின் உலைகளில்தான் தயாராகிறது. ஆனால் அவற்றில் போடப் பழைய இரும்பு போதவில்லை. ஆகவே பெரும்பாலும் நிலக்கரியால் தாதைச் சுட்டெடுத்த ஸ்பாஞ்சு இரும்பைப் போடுகிறோம். வெளிநாட்டுப் பழைய இரும்பையும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

குஜராத் மாநிலம் அலாங் கடற்கரையில் 1983 முதல் உலகத்துப் பழைய கப்பல்கள் உடைக்கப்படுகின்றன. ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே எரிவாயு வெட்டு விளக்குடன் நிற்கிறார்கள். தீ, நச்சு வாயு, மேலிருந்து விழும் தகடு, இத்தனைக்கும் நடுவில் வேலை. கப்பல் உடைப்பில் பாதுகாப்புக்காக 2009ல் செய்யப்பட்ட ஹாங்காங் ஒப்பந்தம் அமலுக்கு வந்ததோ 2025 ஜூன் 26ல்தான்! பதினாறு வருஷம்!

ஆகவே தோழர்களே, நிலக்கரிப் புகைக்கு ஏழைத் தேசங்களே காரணம் என்று எவராவது சொன்னால், "நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் இரும்பு ஆளுக்கு எத்தனை டன்?" என்று திருப்பிக் கேளுங்கள். இன்று நாம் கட்டும் வீடும் பாலமும் நம் பேரப்பிள்ளைகளின் இரும்புச் சுரங்கம். அதை உடைத்து உருக்கும் நாளில் அவர்கள் கையும் காலும் பத்திரமாக இருக்க வேண்டுமானால், அந்தப் பாதுகாப்பை நாம் இன்றே கேட்டு வாங்க வேண்டும்.