ஒரே கேள்வி, இரண்டு விடைத்தாள்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிஷம். அதனால நேரே விஷயத்துக்கு வந்துடறேன். ஒரே கேள்விக்கு இரண்டு பேர் எழுதிய விடைத்தாள்களை உங்கள் முன் வைக்கிறேன். கேள்வி: 'சுமார் பத்தடி நீளத்துக்குள், சாமானியர் வாங்கும் விலையில், ஒரு குடும்பம் போகும்படி கார் செய்க.'

முதல் விடை, 1957-ல் இத்தாலியில் வந்த ஃபியட் 500. வடிவமைத்தவர் டான்டே ஜகோசா. ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த குடும்பத்தைக் காரில் ஏற்றுவது நோக்கம். நீளம் 2.97 மீட்டர். பின்பக்கம் 479 சி.சி., இரண்டு சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். கெட்டுப்போகிற சாமானே குறைவு! கூரைகூட மடக்குத் துணிதான். எடை ஏறத்தாழ 500 கிலோ. ஆனால் பின்னால் குழந்தைகளைத்தான் உட்கார வைக்கலாம்.

இரண்டாவது, 1959-ல் இங்கிலாந்தில் வந்த பி.எம்.சி.யின் மினி. 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததன் விளைவு இது. நீளம் 3.05 மீட்டர். அலெக் இஸிகோனிஸ் 848 சி.சி. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில், ஆயில் சம்ப்புக்குள்ளேயே வைத்தார். முன்சக்கரம் இழுக்கும். சக்கரம் பத்து அங்குலம். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர். நாலு பெரியவங்க தாராளமா உட்காரலாம். 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியையே ஜெயித்தது இந்தக் குட்டிக் கார்!

அப்போ மினிக்குத்தான் நூற்றுக்கு நூறா? அவசரப்படாதீங்க. எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். கியர்பாக்ஸில் கோளாறு என்றால் எஞ்சினையே இறக்கணும். ஆரம்ப மினிகளில் மழைத்தண்ணீர் டிஸ்டிரிபியூட்டரில் பட்டு வண்டி நின்றுவிடும். ஃபோர்டுகாரர்கள் ஒரு மினியைப் பிரித்துப் போட்டு, இந்த விலைக்கு விற்றால் நஷ்டம்தான் என்று கணக்குப் போட்டார்கள்.

இனிமேல்தான் சுவாரஸ்யம். ஜகோசா அந்த விடைத்தாளை ஊன்றிப் படித்தார். குறுக்கு எஞ்சின், முன்சக்கர இழுவை இரண்டையும் எடுத்துக்கொண்டார். கியர்பாக்ஸை மட்டும் எஞ்சினின் பக்கவாட்டில் மாட்டி, அதற்குத் தனி ஆயில் கொடுத்தார். சக்கரத்துக்குப் போகும் தண்டு ஒன்று நீளம், ஒன்று குட்டை. 1964-ல் ஆட்டோபியாங்கி ப்ரிமுலாவில் அதைச் சோதித்தார். 1969-ல் ஃபியட் 128 வந்தது. பிறகு வந்த சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான். நம்ம மாருதி 800-ம் அப்படித்தான்.

மாணவர்களே, என் தீர்ப்பு இதுதான்: யோசனைக்கு இஸிகோனிஸுக்கு முதல் மார்க், அதை எல்லாரும் செய்யக்கூடியதாக ஆக்கியதற்கு ஜகோசாவுக்கு முதல் மார்க். அடுத்தவர் விடையிலுள்ள நல்லதை எடுத்து, குறையைத் திருத்துவதைக் காப்பி என்று யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க புராஜெக்டைக் காட்டும்போது 'எப்படி வேலை செய்யுது?' என்பதோடு, 'என்ன செலவாகும்? கெட்டுப்போனா எப்படிக் கழற்றுறது?' என்ற கேள்விக்கும் பதில் வச்சிருங்க. வேலைக்குப் போனதும் முதலில் கேட்கப்போறது அதைத்தான்.