எண்ணால் செதுக்கிய வானூர்தி



மின்காந்த அலை ஆராய்ச்சியில் கணிப்பொறி ஆற்றும் பணியைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பரந்துபட்ட பொருள் இது. ஒரு வானூர்தியின் கதையைப் பற்றுக்கோடாகக் கொண்டு சொல்ல முற்படுகின்றேன்.

ஒளியும் வானொலியும் ஒரே குடும்பத்து அலைகள். அவற்றின் போக்கையெல்லாம் அடக்கிய சமன்பாடுகளை இசுக்காத்துலாந்து அறிஞர் மேக்சுவெல் 1865-ஆம் ஆண்டில் வெளியிட்டார். சமன்பாடு கிடைத்துவிட்டது, விடை கிடைத்ததா? உருண்டை, உருளை போன்ற ஒழுங்கு வடிவங்கள் சிலவற்றிற்கே தாளும் எழுதுகோலும் கொண்டு முழுவிடை காண முடிந்தது. ஓர் ஊர்தியின் மீதோ மாந்தத் தலையின் மீதோ அலை மோதினால் யாது நிகழும் என்று கேட்டால், கணக்கு கைவிரித்துவிட்டது!

1966-இல் கேன் யீ எனும் அறிஞர் ஒரு வழி காட்டினார். வெளியைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுப்பது. மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒன்றுக்கொன்று அரைக்கட்டம் தள்ளி அமைப்பது. நொடியின் நுண்கூறுதோறும் ஒன்றிலிருந்து மற்றொன்றை மாறிமாறிக் கணித்துச் செல்வது. ஊடும் பாவும்போல் இருபுலங்களும் பின்னிச்செல்ல, அலையானது கணிப்பொறிக்குள்ளேயே நடந்துபோகின்றது. உண்மை நிகழ்ச்சியை எண்களைக் கொண்டு இங்ஙனம் நடித்துக் காட்டுவதையே 'போலச்செய்தல்' என்கிறோம்.

எளிதாகத் தோன்றுகின்றது அன்றோ? அதற்குரிய விலையைக் கேளுங்கள். ஓர் அலைநீளத்தைப் பத்துக் கட்டங்களாகவேனும் பகுத்தல் வேண்டும். 20 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் கொண்ட வெளிக்குள் ஒரு வானூர்தி நிற்பதாகக் கொள்வோம். 3 செ.மீ. நீள அலை அதன்மீது பாய்வதாயின், வேண்டப்படும் கட்டங்கள் ஏறத்தாழ 3,850 கோடி! கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை 8 மடங்காகும். காலக்கூறும் பாதியாக வேண்டுமாகலின் வேலை 16 மடங்காகும். 1970-களின் கணிப்பொறி இதற்கு எங்கே போகும்?

இவ்விடத்தில்தான் உருசிய அறிஞர் ஒருவர் வருகின்றார். பியோத்தர் உபிம்த்செவ், அலைகள் ஒரு பொருளின் விளிம்புகளில் பட்டுச் சிதறுவதைக் கணிக்கும் வழியைத் தம் தாய்மொழியில் நூலாக எழுதி 1962-இல் மாசுகோவில் வெளியிட்டார். அவ்வழியில் வெளி முழுவதையும் கட்டமிட வேண்டுவதில்லை. பொருளின் பரப்பையும் விளிம்பையும் கருதினாற் போதும். சோவியத்துப் படைத்துறையோ அதனைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்க வான்படையினர் 1971-இல் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். தம் வயலில் விளைந்த நெல்லைப் பதரென்று ஒதுக்கினார் ஒருவர்; அயல்மொழியைப் பெயர்க்கத் துறையமைத்து வைத்திருந்தவர் அறுவடை செய்துகொண்டார். உயர் அறிவியல் ஆங்கிலத்தில் மட்டுமே விளையும் என்று நம்மிடம் அளப்போர் இதற்கு என்ன சொல்வர்?

அந்தப் பெயர்ப்பைப் படித்தவர், இலாக்கீடு நிறுவனத்தின் கணக்கியலறிஞர் தெனிசு ஓவர்கோல்சர். 'ரேடார்' எனும் அலைவழித் தேடுகருவிக்கு ஒரு வடிவம் எவ்வளவு புலப்படும் என்று கணிக்கும் 'எக்கோ-1' எனும் நிரலை அவர் உருவாக்கினார். ஆயின், வளைந்த பரப்புகளைக் கணிக்க அந்நிரலால் இயலவில்லை. என்ன செய்தார்கள்? வானூர்தியையே தட்டைப் பட்டைகளாக மாற்றிவிட்டார்கள்! எஃப்-117 ஊர்தி பட்டை தீட்டிய கல்லைப்போல் இருந்ததே, அஃது அழகிற்காகவன்று, பறப்பதற்காகவுமன்று, கணக்கிற்காக! பறப்பதற்கு அவ்வடிவம் சற்றும் ஏற்றதன்று. கணிப்பொறி இடைவிடாது திருத்திக்கொண்டே இருந்தமையால்தான் அது நிலைதவறாது பறந்தது. 1981-இல் முதன்முதல் பறந்த அவ்வூர்தி 2008-இல் பணியினின்று ஓய்வுபெற்றது.

கணக்கை மட்டும் நம்பி அவர்கள் உலோகத்தை வெட்டிவிடவில்லை. முதல் மாதிரியைக் கம்பத்தின்மேல் நிறுத்தித் தேடுகருவியால் அளந்தனர். கருவியை இயக்கியவர், மாதிரி கீழே விழுந்துவிட்டது போலும் என்றாராம். அந்நேரம் ஒரு கரும்பறவை மாதிரியின்மேல் வந்தமர, இப்போது தெரிகிறது என்றாராம்! அந்நிறுவனத்தின் பென் ரிச் தம் நூலில் இதனை எழுதியுள்ளார்.

கொலைக்கருவியைப் போற்றுகின்றேன் என்று எண்ணற்க. மாதிரியின் வடிவம் உருவான அதே 1975-இல், ஆலன் தாப்லோவும் மோரிசு பிராடுவினும் யீ காட்டிய கட்ட முறையைக் கொண்டு, நுண்ணலை பட்ட மாந்தக் கண் எவ்வளவு சூடேறும் என்று கணித்தனர். என் நெஞ்சுக்கு உகந்தது இந்தப் பணியே. உயிருள்ள கண்ணுக்குள் அளவுகோலை நுழைக்க முடியுமா? எண்ணால் நுழையலாம்.

இன்று நம் கைப்பேசிக்கும் இக்கணக்கு உதவுகின்றது. தோல், எலும்பு, மூளை என ஒவ்வொரு கட்டத்துக்கும் அதனதன் மின்பண்பைத் தந்து, தலைக்குள் ஆற்றல் எங்குத் தங்குகிறதென்று காண்கின்றனர். அப்பண்பெண் பிழைத்தால் விடையும் பிழைக்கும். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் வகுத்துள்ள வரம்பு, ஒரு கிராம் தசையளவில் சராசரியாகக் கணித்து, கிலோகிராமுக்கு 1.6 வாட்டு. ஆயினும், கைப்பேசி அவ்வரம்புக்குள் நிற்கின்றதா என்று காண, தலைவடிவக் கூட்டில் நீர்மம் நிரப்பி, அதனுள் உணர்கருவியை இறக்கி இன்றும் அளந்துகொண்டுதான் இருக்கின்றனர்.