பந்தின் மேல் ஒரு முக்கோணம்
(வன்னியம்பட்டியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்று கற்பிக்கிறோம். வகுப்பில் ஒரு பந்தை எடுங்கள். உச்சியில் தீக்குச்சியைப் படுக்கவைத்து, திருப்பாமல் நடுக்கோடு வரை இறக்குங்கள். கோட்டின் வழியே கால் சுற்று நகர்த்தி, மீண்டும் உச்சிக்கு ஏற்றுங்கள். குச்சி 90 பாகை திரும்பியிருக்கும்! திருப்பியது நாமல்ல, பந்தின் வளைவு. அந்த முக்கோணத்தின் கோணங்களோ 270 பாகை.

வன்னியம்பட்டியின் ‘நேர் மேலே’ வேறு. சென்னையின் ‘நேர் மேலே’ வேறு. ஒவ்வோர் இடமும் தன் திசையைத் தானே வகுத்துக்கொள்ளலாம். இயற்கை விதி மாறாது. இந்தச் சமச்சீரே கேஜ் கோட்பாட்டின் அடிப்படை. ஆனால், இரண்டு இடங்களை ஒப்பிட ஓர் இணைப்பு விதி வேண்டும். சுற்றிவந்தபின் எஞ்சும் திருப்பமே வளைவு. காலவெளியில் அதுவே ஈர்ப்பு. மகாராஷ்டிரத்தில் பிறந்த அபய் அஷ்டேகர், 1986இல் ஐன்ஸ்டைன் சமன்பாடுகளை இத்தகைய இணைப்பைக் கொண்டே மாற்றி எழுதினார்.

“180 வரவில்லையே” என்னும் மாணவரிடம், ‘தப்பு’ என்பதற்கு முன், “எதன் மேல் வரைந்தாய்?” என்று கேளுங்கள்.