இடர்க்காலக் கல்வியும் துணைநிற்கும் கொடையும்



கல்விக்கொடை என்றவுடன் பாடநூல், படிப்புக் கட்டணம், வகுப்பறைக் கட்டடம் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அவை என்றும் வேண்டுவனவே. எனினும் புயலும் வெள்ளமும் நோயும் போரும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பிரித்துவிடும் காலத்தில் வேறொரு கொடையும் தேவைப்படுகிறது. நெருக்கடியின் நடுவே ஓரூரில் தோன்றிய நல்ல கற்பித்தல் முறையைப் பல ஊர்களுக்குப் பரவச் செய்யும் கொடை அது. அதற்குப் பணம் மட்டும் போதாது; அனுபவம் மிக்கவர் உடனிருந்து வழிகாட்டுவதும் வேண்டும்.

காவிரிப் படுகைக்கு இடர் புதிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடற்கரையைச் சூறையாடியது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. பள்ளிக்கூடங்கள் நிவாரண முகாம்களாயின. இத்தகைய நாள்களில் அரிசியும் போர்வையும் முதலில் வந்து சேர்கின்றன. அதுவே முறையும் ஆகும். ஆனால் படிப்பு விட்டுப்போன பிள்ளையின் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. சாய்ந்த மரத்தை எண்ணிக் கணக்கெடுக்கலாம். மறந்துபோன எழுத்தை யார் எண்ணுவார்?

கொரோனாப் பெருந்தொற்று அந்த இழப்பை மாநிலம் முழுமைக்கும் பொதுவாக்கியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெற்றோரின் வீட்டில் கைபேசி வழிப் பாடம் பெரும்பாலும் எட்டாக்கனியாகவே இருந்தது. இந்நிலையில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பகுதியில் தொடங்கிவைத்தது. முதற்கட்டமாகத் தெரிவு செய்யப்பட்ட 12 மாவட்டங்களுள் தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் இருந்தன. ரூ.200 கோடி ஒதுக்கப்பட்டது.

அதன் அமைப்பு எளிமையானது. அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர், பெரும்பாலும் படித்த இளம்பெண், மாலை வேளையில் ஏறத்தாழ இருபது பிள்ளைகளை ஒரு திண்ணையிலோ பொதுக்கூடத்திலோ அமர்த்திக் கற்பித்தார். திங்கள்தோறும் ரூ.1,000 ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. அத்தொகை சிறிதே. ஆயினும் பயிற்சி, கற்றல் பொருள்கள், ஐயம் நேர்ந்தால் கேட்பதற்கு ஒன்றிய அளவில் ஆசிரிய ஒருங்கிணைப்பாளர் என மூன்று துணைகள் அதனோடு சேர்ந்தன. பன்னிரண்டு மாவட்டங்களில் தொடங்கியது மாநிலமெங்கும் பரவியதற்கு நிதியோடு இத்துணைகளும் காரணமாயின.

பயன் இருந்ததா என்பதும் அளந்து பார்க்கப்பட்டது. பொருளியல் அறிஞர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளின் கற்றலை ஆராய்ந்தனர். பள்ளிகள் திறந்த ஆறு திங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் அவர்கள் கண்டனர். மாலைநேரத் திண்ணை வகுப்புக்கு இது பெரும் சான்று.

ஒரு முறை ஊர்விட்டு ஊர் பரவும்போது நேரும் இடர்ப்பாட்டுக்கும் தமிழகத்திலேயே பழைய சான்று உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்தார். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த பணியே அது. 1797இல் அவர் இலண்டனில் அச்சிட்ட அறிக்கையின் வழியே ‘சென்னை முறை’ இங்கிலாந்தில் பரவியது. 1811இல் நிறுவப்பட்ட தேசியக் கழகம் அதற்குப் பொருளுதவியும் ஆசிரியப் பயிற்சியும் அளித்தது. ஆனால் பள்ளிகளின் எண்ணிக்கை பெருகிய வேகத்துக்குப் பயிற்சி ஈடுகொடுக்கவில்லை. பெருங்கூடங்களில் மனப்பாடமே எஞ்சியது என்ற குறை எழுந்தது. நாளடைவில் அம்முறை கைவிடப்பட்டது. வழிகாட்டுதல் குன்றினால் நல்ல முறையும் வெறும் சடங்காகிவிடும் என்பதே அதன் பாடம்.

இன்றைய உலகம் இப்பாடத்தை உணர்ந்துள்ளது. பிரிட்டன் அரசின் நிதியுதவியுடன் யுனிசெப்பும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் இணைந்து ‘ஹியூமனிடேரியன் எஜுகேஷன் ஆக்சிலரேட்டர்’ என்னும் திட்டத்தை வகுத்தன. சூடானில் பள்ளி எட்டாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கையடக்கக் கணினி விளையாட்டு வழியே பாடம் கற்பித்த முயற்சியும், கென்யாவின் டடாப், ககுமா அகதி முகாம்களில் சிறுமியருக்கு நடந்த துணை வகுப்புகளும் அதன் ஆதரவைப் பெற்றன. புதிதாக ஒன்றைத் தொடங்குவோரைத் தேடுவது அத்திட்டத்தின் நோக்கமன்று. ஏற்கெனவே பயன்தந்த முயற்சியைப் பெரிதாக்க நிதி, வல்லுநரின் தொடர் ஆலோசனை, பயனை அளக்கும் பயிற்சி ஆகிய மூன்றையும் சேர்த்து வழங்குவதே நோக்கம்.

இவ்வழியில் நடக்கக் கோடிகள் தேவையில்லை. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். அத்தகைய ஒருவர் ஐந்து மாலை வகுப்புகளைத் திங்களுக்கு இருமுறை சென்று கண்டு, கற்பிக்கும் இளைஞரோடு அமர்ந்து பேசுவதற்குரிய பயணச் செலவை ஓர் அறக்கட்டளை ஏற்கலாம். ஓராண்டுத் தொகையை ஒரே நாளில் கொடுத்து ஒதுங்காமல், மூன்றாண்டுகளுக்குப் பகுத்து அளிக்கலாம். ஆண்டின் தொடக்கத்தில் எழுத்துக்கூட்டத் தடுமாறிய பிள்ளை ஆண்டிறுதியில் ஒரு பத்தியைத் தானே வாசிக்கிறதா என்று கேட்டுக் குறித்துவைக்கலாம். அடுத்த இடர் வரும் நாளில் பயிற்சி பெற்ற இளைஞரும் பழகிய வழிகாட்டியும் ஆயத்தமாக இருப்பர்.

உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்னும் நால்வகைத் தானங்களும் இடர்க்காலத்தில் ஒருங்கே தேவைப்படுகின்றன. முதல் மூன்றுக்கும் விரையும் கைகள் நான்காவதற்கும் விரைய வேண்டும். கொடுத்த பின்னும் உடனிருக்க வேண்டும்.