பெட்டிக்காரன் கணக்கு



"வியாபாரம் எப்படி இருக்கு?" என்று நம் சிவகாசியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஏதோ ஓடுது." நன்றாக ஓடினால் கண்பட்டுவிடும், படுத்துவிட்டால் கடன் கொடுத்தவர் காதில் விழுந்துவிடும். இரண்டுக்கும் அந்த 'ஏதோ' உதவும். முப்பது வருஷமாக அட்டைப்பெட்டி போடுகிற நான் அந்தப் பதிலை நம்புவதில்லை. என் ஆர்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்வேன்.

காலிப் பெட்டியை யாரும் ஆசைக்கு வாங்கி அடுக்குவதில்லை. இடத்தை அடைக்கும், ஐப்பசி மழையில் ஈரம் இழுத்து நமத்துப்போகும். சரக்கு போடுவதென்று முடிவு செய்த பிறகுதான் பெட்டிக்குச் சொல்லி அனுப்புவார்கள். 1987 முதல் 2006 வரை அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், தன் நாட்டில் அட்டைப்பெட்டி எவ்வளவு போகிறது என்பதிலும் ஒரு கண் வைத்திருந்தவர். வட்டியை நிர்ணயிக்கிறவர் பெட்டியை எண்ணியிருக்கிறார். பெட்டி போடுகிற நாம் எண்ணுவதில்லை!



ஆனால் பெட்டியும் பொய் சொல்லும். 2021 பிறந்ததும் சீனா, பழைய தாள் உட்பட வெளிநாட்டுக் கழிவு இறக்குமதியை அடியோடு நிறுத்தியது. பழைய தாள் கிடைக்காத அந்நாட்டு ஆலைகள் நம் மில்களிடம் கூழாகவும், அட்டைப்பெட்டி செய்கிற கிராஃப்ட் தாள் ரீலாகவும் வாங்கின. கப்பலில் கண்டெய்னர் தட்டுப்பாடு வேறு. ரீல் விலை கிடுகிடுவென்று ஏற, என் பார்ட்டிகள் மூன்று மாதத்துப் பெட்டியை ஒரே மூச்சில் கேட்டார்கள். அமோகம் என்று நினைத்தேன். அத்தனையும் பயத்தில் போட்ட ஆர்டர். அடுத்த இரண்டு மாதம் என் மெஷின்கள் தூங்கின.

அதனால்தான் எண்ணிக்கையோடு மனதையும் கேட்க வேண்டியிருக்கிறது. செய்தியில் 'பி.எம்.ஐ.' என்று மாதாமாதம் வருகிறதே, அது ஒன்றும் மந்திரமில்லை. தொழிற்சாலைகளில் கொள்முதல் பார்க்கிறவர்களிடம், போன மாதத்தைவிட ஆர்டர் கூடியதா, குறைந்ததா, அப்படியேவா என்று கேட்கிறார்கள். நூறு பேரில் 40 பேர் கூடியது என்கிறார்கள், 40 பேர் அப்படியே, 20 பேர் குறைந்தது என்றால், கூடியது என்றவர்கள் 40, அப்படியே என்றவர்களில் பாதி 20, ஆக 60. ஐம்பதைத் தாண்டினால் வளர்ச்சி. ஆர்டருக்குப் போடுகிற இதே கணக்கை உற்பத்தி, வேலையாட்கள் போன்றவற்றுக்கும் போட்டுச் சேர்க்கிறார்கள். ரிசர்வ் வங்கியும் காலாண்டுக்கு ஒருமுறை தொழிற்சாலைகளிடம் இப்படிக் கேட்கிறது. அங்கே நடுக்கோடு 100.

விற்பனை வேறு, நம்பிக்கை வேறு என்பதற்கு நம் ஜி.எஸ்.டி.யே போதும். 2025 செப்டம்பர் 22 முதல் அட்டைப்பெட்டிக்கு 5 சதவீதம். அதைச் செய்கிற கிராஃப்ட் தாளுக்கு 18 சதவீதம். வித்தியாசத்தைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்தான். வரும்வரை நம் முதல் அங்கே கிடக்கும். பெட்டி மலிந்தது என்று வாங்குகிறவருக்குச் சந்தோஷம். போடுகிறவர் புது மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குகிறார். ஆர்டர் நோட்டை மட்டும் பார்த்தால் இந்தத் தயக்கம் தெரியுமா?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் உங்கள் நாற்காலியில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. மூன்றே கேள்வி. போன மாதத்தைவிட ஆர்டர் எப்படி? பார்ட்டி பணம் தர எத்தனை நாள் இழுக்கிறார்? அடுத்த மூன்று மாதத்தில் ஆள் சேர்ப்பீர்களா? பெயர் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். 'ஏதோ ஓடுது' என்று எழுதினால் மட்டும் செல்லாது. பந்தி வாசலில் ஐந்து பிளைப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன், என் சொந்தச் செலவில். அட்டையை அதில் போட்டுவிட்டு இலைக்கு உட்காருங்கள். பாயசத்துக்குள் எண்ணி, நம் ஊர் ஐம்பதுக்கு மேலா கீழா என்று சொல்லிவிடுகிறேன்.